பாரதி பாட்டு எல்லாருக்கும் சொந்தம்னா மியூசியப் படமும் எல்லாருக்கும் சொந்தமா இருக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மயிலாடுதுறை மாவட்டத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில பகுதிநேர ஓவிய ஆசிரியையா இருக்கேன். மியூசியத்துல இருக்கற பழைய பொருளோட போட்டோ யாருக்குச் சொந்தம், அதை எடுத்து நாம என்னென்ன பண்ணலாம்ங்கறது பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு, போன மாசம் வகுப்புல நடந்ததைப் பார்த்த பிறகு இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

அன்னைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களை ஹைடெக் லேபுக்குக் கூட்டிட்டுப் போயி புரொஜெக்டர்ல காரைக்கால் அம்மையாரோட வெண்கலச் சிலைப் படத்தைப் போட்டேன். காரைக்கால் எங்களுக்குப் பக்கத்து ஊர், ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுல மாடியிலேர்ந்து வீசற மாம்பழத்தைப் பிடிக்க முண்டியடிச்ச பிள்ளைங்க அந்த வகுப்புலயே நிறைய பேர் இருக்காங்க, அதனால கதையை அவங்களே எனக்குச் சொன்னாங்க. ஆனா சிலையை அவங்க அதுவரைக்கும் பார்த்ததே இல்ல. ஒரு அடி உயரம்கூட இல்லாத சின்னச் சிலை, 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில செஞ்சது, சோழர் காலம். அதை பெருசு பண்ணிப் பெருசு பண்ணி சுவர் முழுக்கக் காட்டினேன். கழுத்தெலும்பு ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு இருக்கு, விலா எலும்பை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம், மார்பு வத்தித் தொங்குது, கையில தாளம், அந்தத் தாளத்தைத் தட்டப் போற நேரத்துல அப்படியே நிறுத்தி வச்ச மாதிரி. அழகெல்லாம் வேண்டாம் பேயுருவம் கொடுன்னு கேட்டு வாங்கிக்கிட்டவங்களை அந்த ஸ்தபதி ஒரு துளி மறைக்காம செஞ்சிருக்கார், ஆனா முகத்துல மட்டும் அவ்வளவு நிம்மதி. லேபே அமைதியாயிடுச்சு. கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு பொண்ணு, "டீச்சர், எங்க அப்பாயி குளிச்சிட்டு வந்து உட்காந்திருக்க மாதிரியே இருக்கு"ன்னு சொல்லிச்சு. இருபது வருஷமா ஓவியம் சொல்லிக் கொடுக்கறேன், ஒரு சிலையை இதைவிட சரியா யாரும் பார்த்து நான் கேட்டதில்ல.

அந்த அம்மையார் இருக்கறது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல. அவங்க 2017 பிப்ரவரியில ஒரு முடிவு எடுத்தாங்க, காப்பிரைட் முடிஞ்ச பொருளோட படம் 3,75,000-ஐ யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், எங்களைக் கேக்க வேண்டாம், பணம் வேண்டாம், புத்தகத்துல போடுங்க, துணியில அச்சடிங்க, மாத்தி வரையுங்க, விக்கணும்னா வித்துக்கோங்கன்னு அறிவிச்சுட்டாங்க. அதுக்கு சிசி ஜீரோன்னு பேரு, அதாவது எங்களுக்கு இதுல எந்த உரிமையும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறது. வாஷிங்டன்ல இருக்கற ஸ்மித்சோனியன் 2020-ல அதே மாதிரி 28 லட்சம் படத்தைத் திறந்து விட்டுச்சு. கிளீவ்லேண்ட் மியூசியம் 2019-லயே செஞ்சாச்சு, அங்கயும் நம்ம சோழர் காலத்து நடராஜர் ஒருத்தர் இருக்கார், அவர் படமும் இப்ப எல்லாருக்கும் பொது.

இப்ப அந்தப் பொண்ணு அடுத்து கேட்டதைச் சொல்றேன். "அம்மையார் அமெரிக்காவுல இருக்காங்க சரி, அவங்க காலடியில உட்காந்து பாடினாங்களே அந்தத் திருவாலங்காட்டு நடராஜர் எங்க இருக்கார் டீச்சர்?" திருவாலங்காட்டுலேர்ந்து கிடைச்ச நடராஜர் நம்ம சென்னை எழும்பூர் மியூசியத்துல இருக்கார்னு சொன்னேன். உலகத்துல இருக்கற நடராஜர் சிலைகள்லயே அவரைப் போல இன்னொண்ணு இல்லைன்னு சொல்றவங்க நிறைய பேர், நானும் அந்தக் கட்சிதான். ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒரு சங்கதி, பாரிஸ் சிற்பி ரோதான் அந்த நடராஜரைப் பத்தி உருகி உருகி எழுதியிருக்கார், அவர் இறந்த பிறகு 1921-ல அது அச்சுல வந்துச்சு. அவர் மெட்ராஸ் பக்கமே வந்தவர் இல்லைங்க. அவர் கையில இருந்தது மெட்ராஸ் மியூசியத்துச் சிலையோட போட்டோ மட்டும்தான். அந்தப் போட்டோவை ஒவ்வொரு பக்கமா திருப்பித் திருப்பிப் பார்த்து, கால் எப்படி ஊணியிருக்கு, கை எங்கேர்ந்து கிளம்புதுன்னு எழுதினார். நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு நல்ல போட்டோ கடல் தாண்டிப் போயி இவ்வளவு செஞ்சிருக்குன்னா இன்னைக்கு ஒவ்வொருத்தர் கையிலயும் போன் இருக்கற காலத்துல என்னென்ன செய்யலாம்?

என் சொந்த அனுபவத்தைச் சொல்றேன், எந்த மியூசியம்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா அங்க இருக்கறவங்க மேல எனக்குக் கோபம் கிடையாது, அவங்க கையில இருக்கற விதி அப்படி. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பிள்ளைங்களுக்காக நம்ம பக்கத்து செப்புத் திருமேனிகளைப் பத்தி முப்பது பக்கத்துல ஒரு சின்னப் புத்தகம் போடலாம்னு ஆரம்பிச்சேன், அச்சுச் செலவை எங்க ஊர் மளிகைக் கடைக்காரரும் பழைய மாணவர்களும் ஏத்துக்கிட்டாங்க. நாலே நாலு படம்தான் தேவைப்பட்டுச்சு. சைட்ல பார்த்தா கட்டைவிரல் அளவுக்கு ஒரு படம், அதுக்குக் குறுக்கால பெரிய வாட்டர்மார்க், சாமி முகத்து மேலயே எழுத்து ஓடுது. சரின்னு லெட்டர் போட்டேன், பதில் வர ரெண்டு மாசம், அப்புறம் ஒரு ஃபாரம், தலைமை ஆசிரியர் கையெழுத்து, எந்தப் பக்கத்துல எந்த அளவுல போடப் போறீங்கன்னு விவரம், ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியா டிடி, அதுவும் ஒரே ஒரு தடவை அச்சடிக்கத்தான் அனுமதி, மறுபடி அச்சடிச்சா மறுபடி கட்டணும். எங்க மொத்த பட்ஜெட்ல பாதி அந்த நாலு படத்துக்கே போற மாதிரி இருந்துச்சு. கடைசியில நியூயார்க், கிளீவ்லேண்ட் படங்களை வச்சுப் புத்தகத்தை முடிச்சோம், அதுக்கு எனக்கு ஆன செலவு ஒரு ராத்திரி நெட் டேட்டா. தஞ்சாவூர்ப் பக்கத்து மண்ணுல வார்த்த சாமியோட படத்தை தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்க அமெரிக்கா மியூசியத்துக்குத்தான் போக வேண்டியிருந்துச்சுன்னு நினைச்சா இன்னைக்கும் தொண்டை அடைக்குது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச புது யோசனை, நமக்கு ஒத்து வராதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். 1949-ல ஓமந்தூரார் முதலமைச்சரா இருந்தப்ப நம்ம அரசாங்கம் பாரதியார் பாட்டோட உரிமையை வாங்குச்சு, பிறகு அதை எல்லாருக்கும் பொதுவாக்குச்சு. நாட்டுடைமைங்கற வார்த்தை நமக்கு வேற யாரும் கத்துக் கொடுத்தது இல்ல. அதுக்குப் பிறகு பாரதிதாசன்லேர்ந்து நூத்துக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களோட எழுத்தை நாட்டுடைமை ஆக்கியாச்சு, குடும்பத்துக்கு அரசு ஒரு தொகை கொடுத்துடும், அதுக்கு மேல யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம். அதனாலதான் பாரதியார் கவிதை பிளாட்பாரத்துல மலிவா கிடைக்குது, பஸ் ஸ்டாண்ட் கடையிலயும் தொங்குது, போன்லயும் இருக்கு. 1998-லேர்ந்து மதுரைத் திட்டம்ங்கற இணைய நூலகத் திட்டத்துல தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்தை ராத்திரி பகலா டைப் அடிச்சு சும்மா கொடுத்தாங்க. 1981-ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு தொண்ணூறாயிரத்துக்கும் மேல புத்தகம் போச்சு, அந்த வலியைச் சுமந்த ஜனங்கதான் 2005-ல நூலகம்னு ஒரு இணைய நூலகத்தைத் தொடங்கி இன்னைக்கு வரைக்கும் எல்லாருக்கும் திறந்து வச்சிருக்காங்க. ஒருத்தர் எழுதின பாட்டுக்கே பணம் கொடுத்து வாங்கி ஊருக்குப் பொதுவாக்கின நாடு இது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பேர்கூடச் சொல்லாம செஞ்சுட்டுப் போன ஸ்தபதியோட சிலைக்கு எடுத்த போட்டோவை ஏன் பூட்டி வைக்கணும்?

சட்டத்தைச் சொல்வாங்க. சிலைக்கு காப்பிரைட் கிடையாது, ஆனா அதை நாங்க எடுத்த போட்டோவுக்கு இருக்குன்னு சொல்வாங்க. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல இதுக்கும் ஒரு முடிவு கட்டிடுச்சு, காப்பிரைட் முடிஞ்ச கலைப்பொருளை அப்படியே நகல் எடுத்த படத்துக்குப் புதுசா ஒரு காப்பிரைட் முளைக்காதுன்னு. நம்ம ஊர்ல சட்டம் மாறற வரைக்கும்கூட காத்திருக்க வேண்டாம்னு நினைக்கிறேன், அரசு மியூசியம் எடுத்த படம்னா அது அரசோடது, அரசு நினைச்சா ஒரு அரசாணையில இதை முடிச்சுடலாம்.

அந்தச் சிலையெல்லாம் மியூசியத்துக்கு எப்படி வந்துச்சுன்னும் பார்க்கணும். நிறைய சிலை புதையல் சட்டப்படி வந்தது, 1878-ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம். எங்க பக்கத்துல வீடு கட்ட வாணம் தோண்டுவாங்க, கடப்பாரை டங்குன்னு ஒரு சத்தம் போடும், மண்ணைத் தள்ளினா சாமி. உடனே விஏஓ வருவார், தாசில்தார் வருவார், ஊர் ஜனம் அதுக்குள்ள மஞ்சத்தண்ணி ஊத்தி கற்பூரம் காட்டிடும், அப்புறம் ஜீப்புல ஏத்திடுவாங்க. 2023 ஏப்ரல்ல சீர்காழி சட்டைநாதர் கோவில்ல யாகசாலைக்கு மண் எடுக்கும்போது இருபதுக்கும் மேல பஞ்சலோகத் திருமேனியும் நானூறுக்கும் மேல தேவாரம் எழுதின செப்பேடும் கிடைச்சதே, அன்னைக்கு எங்க ஊர்லேர்ந்து வேன் வச்சுக்கிட்டுப் போனாங்க. சம்பந்தர் பொறந்த ஊர்ல சம்பந்தர் தேவாரம் மண்ணுக்குள்ளேர்ந்து வருதுன்னா சும்மாவா? அந்த செப்பேடு ஒவ்வொண்ணையும் எழுத்து தெளிவா தெரியற மாதிரி படம் எடுத்துப் போட்டு, எங்க பிள்ளைங்க அந்தப் பழைய தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கறதை நான் பார்க்கணும், அதுதான் என் ஆசை.

படத்தைப் போட்டா திருடன் பார்த்துடுவான்னு ஒரு பயம் இருக்கு. அந்தப் பயத்தை நான் லேசா எடுத்துக்கல, சிலைத் திருட்டால ரொம்ப அடி வாங்கினது நாமதான். ஆனா நடந்ததைப் பாருங்க. அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோவில் நடராஜரைத் திருடிட்டுப் போயி 2008-ல ஆஸ்திரேலியா நேஷனல் கேலரிக்கு 50 லட்சம் டாலருக்கு வித்துட்டாங்க. அவர் நம்ம சாமிதான்னு நிரூபிச்சது பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994-லயே கோவில்ல வச்சு எடுத்து வச்சிருந்த போட்டோ. அந்த போட்டோவாலதான் 2014-ல அவர் திரும்பி வந்தார். கும்பகோணம் பக்கத்துல சுந்தரப்பெருமாள்கோவில் திருமங்கை ஆழ்வார் இங்கிலாந்துல ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து மியூசியத்துக்குப் போயிட்டார், அவரையும் காட்டிக் கொடுத்தது 1957-ல எடுத்த போட்டோதான், 2024-ல திருப்பிக் கொடுக்கறோம்னு அந்தப் பல்கலைக்கழகம் ஒத்துக்கிச்சு. படம் எத்தனை பேர் கண்ணுல பட்டிருக்கோ அந்தச் சிலையை விக்கறது அவ்வளவு கஷ்டம். பீரோவுக்குள்ள இருக்கற போட்டோ யாரையும் பிடிச்சுக் கொடுக்காது.

சாமி படத்தைக் கண்ட இடத்துல அச்சடிச்சுடுவாங்களேன்னு எங்க தலைமை ஆசிரியரே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா கண்ட இடத்துல அச்சடிக்கறவன் லைசென்ஸ் கேட்டுக்கிட்டு வர்றதில்ல, ஏற்கெனவே நெட்ல கிடைக்கற மங்கின படத்தை எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கான். விதியைப் பார்த்து ஒதுங்கறது என்னை மாதிரி ஆளுங்க, ஆய்வு பண்ற பிள்ளைங்க, சின்னப் பதிப்பகம் நடத்தறவங்க. ஆம்ஸ்டர்டாம்ல ரைக்ஸ்மியூசியத்துல இதே மாதிரி ஒண்ணு நடந்திருக்கு. அங்க வெர்மீர் வரைஞ்ச பால் ஊத்தற பொண்ணு ஓவியம் ரொம்பப் பிரபலம். நெட்ல ஆயிரக்கணக்குல சுத்தினது எல்லாம் மஞ்சள் பூத்துப் போன மோசமான நகல், கடைசியில மியூசியம் கடையில விக்கற சரியான போஸ்ட் கார்டைப் பார்த்து இது ஒரிஜினல் நிறமே இல்லையேன்னு ஜனங்க கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. கெட்ட படத்தைத் துரத்த ஒரே வழி நல்ல படத்தை நாமளே கொடுக்கறதுதான்னு அவங்களுக்குப் புரிஞ்சு, 2012-ல ஒண்ணேகால் லட்சம் படத்தை நல்ல அளவுல திறந்து விட்டாங்க, அதை வச்சு நீங்க என்ன செஞ்சீங்கன்னு காட்டுங்கன்னு பரிசுகூடக் கொடுத்தாங்க.

பாதி திறந்து பாதி மூடறதும் இருக்கு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் 2020-ல 19 லட்சம் படம் போட்டுச்சு, பார்க்கலாம், பாடத்துல காட்டலாம், ஆனா வியாபாரத்துக்கு ஆகாதுன்னு ஒரு நிபந்தனை. கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க ஊர் மகளிர் குழு அக்காங்க நோட்டுப் புத்தகம் தைச்சு விக்கறாங்க, அட்டையில அந்த மியூசியத்துல இருக்கற அமராவதி சிற்பத்துலேர்ந்து ஒரு தாமரையைப் போட்டு நோட்டுக்குப் பத்து ரூபா லாபம் பார்த்தா அதுவும் வியாபாரம்தான். அந்தக் கோட்டைப் போட்டா அடிபடறது பெரிய கம்பெனி இல்லைங்க, அவங்களுக்கு லைசென்ஸ் வாங்க வக்கீல் இருக்காங்க.

சுவாமிமலையில எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்தபதி இருக்கார். அவர் பட்டறைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனப்ப தென்னை ஓலையைக் கீறி மடிச்சு, ஒடியோலைன்னு சொல்ற அந்த அளவு ஓலையில தாளக் கணக்கை, அதாவது சிலையோட அளவு விகிதத்தை, பிரிச்சுக் காட்டினார், மெழுகுல விரல் நகம் செதுக்கறதை பசங்க மூச்சு விடாம பார்த்தாங்க. அவர்கிட்ட நான் எடுத்துட்டுப் போன மியூசியப் படத்தைக் காட்டினேன். பார்த்துட்டு, "முன்னாடி எல்லாரும்தான் எடுக்கறாங்கம்மா, முதுகைக் காட்டுங்க"ன்னார். தலைக்குப் பின்னாடி சிரச்சக்கரம் எந்த இடத்துல உட்காந்திருக்கு, கூந்தல் எப்படி இறங்குது, பூணூல் எந்தப் பக்கம் திரும்புது, இதை வச்சுத்தான் காலத்தையே சொல்வோம், பீடத்துல உற்சவத்துக்குக் கம்பு கோக்கற துவாரத்தையும் கழி கட்டற இடத்தையும் பார்த்தாத்தான் இந்த சாமி வீதி உலா எப்படிப் போனார்னு தெரியும்னு விரல் வச்சுக் காட்டினார். அவருக்கு அந்த முதுகுப் படம் பொழைப்பு, தொழில், அப்பன் பாட்டன் விட்ட இடத்துலேர்ந்து தொடர்றது. அதனால படம் எடுக்கும்போது நாலு பக்கமும் எடுங்க, மேலேர்ந்தும் எடுங்க, அளவும் போடுங்க.

எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டுத் திறந்து விடணும்னு நான் சொல்லல. எட்கர் தர்ஸ்டன் 1885-லேர்ந்து 1908 வரைக்கும் மெட்ராஸ் மியூசியத்துக்குத் தலைவரா இருந்தப்ப ஜனங்களை நிக்க வச்சு மூக்கையும் மண்டையையும் அளந்து சாதி சாதியா, பழங்குடி பழங்குடியா போட்டோ எடுத்தார். அந்தப் படத்துல நிக்கறவங்களை யாரும் சம்மதம் கேக்கல. அவங்க பேரப்பிள்ளைங்க நீலகிரியிலயும் மத்த ஊர்லயும் இன்னைக்கும் இருக்காங்க, அந்தப் படத்தை என்ன செய்யணும்னு அவங்களைக் கேட்டுட்டுத்தான் செய்யணும். சிலையும் காசும் செப்பேடும் வேற, மனுஷங்க வேற.

இன்னொண்ணு தமிழ். நியூயார்க் சைட்ல இங்கிலீஷ் எழுத்துல தட்டினாத்தான் நம்ம அம்மையாரே வர்றாங்க, என் பிள்ளைங்க எழுத்தை மாத்தி மாத்தித் தட்டித் தோத்துப் போறாங்க. ஆனா அங்க படத்தோட சேர்ந்து விவரமும் திறந்திருக்கறதால விக்கிபீடியா தன்னார்வலர்கள் அந்த லட்சக்கணக்கான படங்களை விக்கிமீடியா பொதுவகத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க, அங்க நாமளே தமிழ்ல பேர் எழுதி வைக்கலாம். போன லீவுல நானும் ஆறு பிள்ளைங்களும் உட்காந்து நாப்பது படத்துக்குத் தமிழ்ல விளக்கம் எழுதினோம், திருவாசி, முயலகன், உடுக்கை, வங்கி, காற்சிலம்புன்னு ஒவ்வொரு சொல்லா தேடி எழுதினோம். காசு ஒண்ணும் கேக்கலையே, திறந்து விட்டாப் போதும், அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையில பாதியை ஊர் ஊருக்கு என்னை மாதிரி ஆளுங்க செஞ்சு கொடுப்பாங்க.

முதலமைச்சருக்கும் அருங்காட்சியகத் துறைக்கும் நான் கேக்கறது இதுதான், காப்பிரைட் முடிஞ்ச பொருளோட படம் எதையெல்லாம் அரசு மியூசியங்கள் ஏற்கெனவே எடுத்து வச்சிருக்கோ அதையெல்லாம் நாட்டுடைமைன்னு அறிவிச்சு, வாட்டர்மார்க் இல்லாம, முழு அளவுல, தமிழ் விளக்கத்தோட போடணும், வியாபாரம் பண்றவங்களுக்கும் சேர்த்துத்தான். புதுசா எடுக்கறதை அடுத்தடுத்து சேர்த்துக்கலாம். 2016-ல டெல்லியில இயற்கை வரலாற்று மியூசியம் ஒரே ராத்திரியில எரிஞ்சு போச்சே, அந்த மாதிரி ஒரு நாள் எங்கயும் வரவே கூடாது, ஆனா வந்தா படம் நாலு இடத்துல இருக்கணும்.

கடைசியா உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கறேன் ஆசிரியர் ஐயா. நம்ம நாட்டுச் சட்டப்படி போட்டோ எடுத்தவர் இறந்து 60 வருஷம் முடிஞ்சாத்தான் காப்பிரைட் போகும், எடுத்தவர் யாருன்னே தெரியாத படம்னா வெளியாகி 60 வருஷம். 1964 டிசம்பர் தனுஷ்கோடி புயல் சமயத்துல பத்திரிகைகள்ல எடுத்தவர் பேர் இல்லாம வந்து, யார் எடுத்ததுன்னு இன்னும் தெரியாத படமெல்லாம் இப்ப பொதுச்சொத்து. அந்த மாதிரிப் பழைய படம் உங்க அலுவலக அலமாரியில இருந்தா அதை நல்லா ஸ்கேன் பண்ணி எல்லாரும் எடுத்துக்கற மாதிரி போடுவீங்களா? எட்டாம் வகுப்புக்கு அடுத்த மாசம் புயலைப் பத்தி ஒரு சார்ட் பண்ணப் போறோம், நீங்க கொடுக்கற முதல் படத்தை அதுல ஒட்டி, உங்க பத்திரிகை பேரைப் பிள்ளைங்க கையாலயே கீழ எழுத வைக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு ஓவிய ஆசிரியை,
மயிலாடுதுறை மாவட்டம்.